பெரட்டுக் களத்தில் அக்காவின் வாய்

ஒன்றாம் வகுப்பில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தியிடமிருந்து பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் அவள் பக்கத்திலிருந்தவள் துள்ளி எழுந்தாள். "இவ வந்திருக்கா டீச்சர்! இங்கதான் ஒளிஞ்சிருக்கா!" என்று, மேசைக்கடியில் குனிந்திருந்த தோழியைச் சடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. என் பேனா மட்டும் நின்றுவிட்டது.

அட, எங்கள் அக்காவும் இப்படித்தானே!

அக்கா எங்கள் தோட்டத்தில்தான் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறாள். மலாயாவில், லிங்கி ஆற்றுப் பக்கம். ஒன்பது மாதமாகக் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, அவள் வாய் திறப்பதில்லை. வரிசையில் நிற்பாள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார், அவளுக்குப் பல் கிட்டிக்கொள்ளும், முகம் வேர்க்கும். குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போய்விடுவாள்.

"வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்பார் மண்டோர். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இது அவசரகாலம்; காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகளை வெள்ளைக்காரப் பட்டாளம் தேடுகிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை, பெரட்டுக் களத்தில் இஞ்சின் ஓடியபடி ஒரு பட்டாளத்து லாரி. பேர் விழாத ஒருத்தி மரத்தடியில் நின்றால், காட்டுக்குள்ளே யாருக்குச் சோறு கொண்டுபோகிறாய் என்றுதான் சிப்பாய் கேட்பான். மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் கடிதமே எழுதி வைத்துவிட்டார்.

எனக்கு அன்று முழுக்கப் பாடம் ஓடவில்லை. மனசு பத்து வருஷம் பின்னால் போய் நின்றது.

ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். அக்காவுக்கு எட்டு வயது, எனக்கு ஏழு. பெரட்டுக் களத்தில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அப்பா பேரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அவர் ரப்பர் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு ஒன்றுதான் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அப்பாவுக்குப் பேர் விழாவிட்டால் வீட்டில் அரிசி இல்லை.

"எங்கப்பா வந்திருக்காரு! அந்தா, கொட்டகைக்குப் பின்னால!"

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தும் வந்தாள். அப்பா லாரியில் ஏறினார். திரும்பவில்லை.

இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அக்காவை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. அதற்குப் பிறகு அவள் சிரித்தாள், வளர்ந்தாள், வருஷக்கணக்காகப் பெரட்டில் குரல் கொடுத்தாள். பிறகு ஏன் இப்போது மட்டும் இப்படி?

பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடினேன். அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டாளத்து லாரி பெரட்டுக் களத்துக்கு எப்பம்மா வந்துச்சு?"

"முள்கம்பி போட்ட மறுவாரம். ஏன்?"

"அக்காவுக்கு வாயடைச்சது?"

அம்மியில் குழவி நின்றது. "அதே வாரந்தான்" என்றாள் அம்மா, மெதுவாக.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊர் சொன்னதுபோலப் பேயுமில்லை, திமிருமில்லை! எட்டு வயசில் உள்ளே போனது பதினெட்டில் வெளியே வந்திருக்கிறது. அக்கா வேலை முடிந்து குழாயடிக்கு வந்ததும், மற்றப் பெண்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், கண்டுபிடித்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அப்பா, கொட்டகை, லாரி, எல்லாம்.

அவள் நிறையாத வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. வகுப்பில் அந்தச் சின்னவள் செய்ததையேதான் நானும் செய்திருந்தேன். ஒளிந்திருந்தவளைச் சடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டேன். படித்தவளாம்!

மூன்றாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமென்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"லாரி நின்னா நிக்கட்டும்," என்றாள். "இஞ்சின் ஓடக்கூடாது. அந்தச் சத்தம் கேட்டா, நான் வாயத் தொறந்தா யாரோ ஏறிப் போயிடுவாங்கன்னு இருக்கு."

அவ்வளவுதான். பத்து வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள்.

மண்டோரிடம் போனேன். "அக்கா பேரைக் கடைசியாக் கூப்பிடுங்க அண்ணே. அப்ப மட்டும் லாரி இஞ்சின நிறுத்தச் சொல்லுங்க."

"அது முடியும்லா. லாரிக்கு நான் என்னா செய்ய? அது வெள்ளைக்காரன் லாரி. நீதான் பெரிய படிப்புப் படிச்சவளாச்சே, போய்க் கேளு."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் வேறு வழி எனக்கும் தெரியவில்லை. மாசம் முடிய இன்னும் ஆறு நாள். லாரியோடு வரும் வெள்ளைக்காரச் சார்ஜன்டிடம் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் நாலு தடவை எழுதி, நாலு தடவையும் கிழித்துவிட்டேன். அப்பா கதையெல்லாம் அவனுக்கு எதற்கு? அதை ஊருக்குச் சொல்ல இனி எனக்கு உரிமை இல்லை. ஒரே ஒரு பேரைக் கூப்பிட்டு முடிக்கும் வரை இஞ்சினை நிறுத்து, அது மட்டும் போதும். நாளை விடிவதற்குள் லாரி வந்துவிடும். பள்ளிக்கூடச் சேலையைக் கட்டிக்கொண்டு, அதன் முன்னால் போய் நிற்கப் போகிறேன்.