பக்கத்து வீட்டுப் பேரரசி

ஓஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்கியது. அகன்ற முகம், கனத்த அங்கி, தலையில் கிரீடம். எதியோப்பியாவின் பழைய பேரரசி. அந்தப் படத்தைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்மீது பொறாமைப்படுவது பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் பட்டேன். என் ஒரே மகளை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது அவர்தான் என்று உறுதியாக நம்பினேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பின்னேர வேலை செய்தேன். கணவர் பஸ் ஓட்டினார். பள்ளி விட்டதும் மகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே தனியாக இருந்த எதியோப்பியப் பெண்ணை அவள் அன்ரி என்பாள். அன்ரியின் நோர்வேஜிய மொழி ஆறாக ஓடும். என்னுடையது முட்டி முட்டி நிற்கும். அவர் சுடும் புளித்த, ஓட்டை ஓட்டையான இஞ்செரா நம் தோசைக்கு ஒன்றுவிட்ட அக்காமாதிரி. அதைத் தின்று பழகிய மகள் ஒருநாள், "அம்மா, உங்கடை தோசையிலை ஓட்டை காணாது" என்றாள். அன்று முழுவதும் நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இஞ்செராவோடு கதையும் பரிமாறப்பட்டது. இத்தாலியர் ஒப்பந்தத்தில் செய்த சூதைத் தன் கணவரான பேரரசருக்கு முன்பே மணந்து பிடித்தாராம் பேரரசி. தன் சொந்தப் படையோடு போர்க்களம் போனாராம். எதிரியின் கோட்டைக்குப் போகும் தண்ணீரை மறிக்கச் சொன்னதும் அவராம். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு நகரம் எழக் காரணமாகி, அதற்குப் 'புதுமலர்' என்று பெயரும் வைத்தாராம். அதுதான் இன்றைய அடிஸ் அபாபா. கணவர் படுக்கையில் விழுந்தபோது நாட்டையே நடத்தினாராம். பிரபுக்கள் பொறுக்காமல் அவரை ஒதுக்கிவிட்டார்களாம். சோற்றைப் பிசைந்தபடி மகள் இதையெல்லாம் ஒப்பிப்பாள். நான் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவேன்.

அவளுக்குப் பத்து வயதானபோது, பெற்றோர் பிறந்த நாட்டுப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். நம் ராணி யாரையாவது பற்றிப் பேசுவாள் என்று நினைத்துப் பட்டுப்பாவாடையை இஸ்திரி போட்டு வைத்தேன். காலை வேலைக்கு மாறி, முடிந்ததும் நேரே பள்ளிக்கு ஓடினேன். மேடையில் அவள் அன்ரி கொடுத்த, கரையில் பூவேலை செய்த வெள்ளைப் பருத்தி உடையில் நின்றாள். பேரரசியைப் பற்றி அழகாகப் பேசினாள். எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கண்ணீரையும் பொறுக்க முடியவில்லை.

"உன் அம்மாவின் நாட்டில் யாரும் இல்லையா?" என்று ஆசிரியை கேட்டார்.

"அம்மா அங்கிருந்து வந்தவர் என்று தெரியும். ஏன் வந்தார் என்று தெரியாது."

இன்று மகள் ஸ்தவாங்கர் நகரில் பொறியியலாளர். ஓஸ்லோவுக்கு வந்தால் முதலில் பக்கத்து வீட்டு மணியைத்தான் அழுத்துகிறாள். பழைய எரிச்சல் எனக்கு இன்னும் வரத்தான் செய்கிறது. வரும்போதெல்லாம், பள்ளியிலிருந்து திரும்பிய அந்தப் பின்னேரத்தை நினைத்துக்கொள்வேன்.

காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?" என்று கத்தினேன்.

"கேட்டனான் அம்மா. எத்தினை தரம் கேட்டனான். நீங்கள் 'சாப்பிடு', 'படி' எண்டு சொன்னனீங்கள்."

உண்மைதான். நாங்கள் பட்டதைப் பிள்ளைகள் காதில் போடக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாவாடையை மடித்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வயதில் போருக்குத் தப்பி, தம்பியோடு கடலேரியைப் படகில் கடந்ததைச் சொன்னேன். அவன் இருமினால் கடற்படைக்குக் கேட்டுவிடும் என்று கரை சேரும்வரை அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்த கை இதுதான் என்று காட்டினேன்.

"பயந்தனீங்களோ?"

"ஓம்."

"பேரரசி பயந்திருக்க மாட்டா."

இங்கேயும் வந்துவிட்டாளே இந்த மனுசி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவவுக்குப் பின்னாலை படை நிண்டது, அம்மா. உங்களோடை மாமா மட்டும்தானே. அவரும் சின்னப் பெடியன்."