கறுப்பு ஜன்னலைப் பார்க்காதவள்

பயப்படுவதற்கென்றே பிறந்தவள் அவள். கேஸை அணைத்துவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். எக்ஸ்ரே சென்டரில் அவளுக்கு வைத்திருந்த பெயரே ‘பதட்டம்’. “பதட்டம் வந்தாச்சா? அப்ப கடையத் திறங்க” என்பார் மேனேஜர். அவளும் சிரித்து வைப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது? இடுப்பு முறிந்து படுத்துக் கிடக்கிற புருஷனுக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கும் அந்தச் சம்பளம்தான் சோறு.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. காலையில் கம்ப்யூட்டரில் அன்றைய தேதி போட்டு ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று டோக்கனுக்கு ஒரு ஃபோல்டர். எக்ஸ்ரே எடுக்கிறவர் படத்தை டோக்கன் பார்த்து அதில் போடுவார். மாடியில் இருக்கிற டாக்டர் அதைத் திறந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அத்தனை ஃபோல்டரையும் ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கி உண்டாக்கியதில் அவளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. சோறு பிசையக்கூட வரவில்லை.

அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் ஓரகத்தி உதவிக்கு வந்தாள். கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். நோட்பேடில் நாலு வரி எழுதி ஒரு ஃபைலாக்கிக் கொடுத்தாள்.

“இத ரெண்டு தட்டு தட்டுக்கா. கறுப்பா ஒரு ஜன்னல் வந்துட்டுப் போகும். தேதி போட்டு எல்லா ஃபோல்டரையும் அதுவே செஞ்சு, திறந்தும் வச்சிடும்.”

“கறுப்பாவா? எதுவும் அழிஞ்சிடாதே?”

“அழியுறதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன இருக்கு? எலும்புதானே. தட்டு.”

தட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. அங்கேதான் புதுப் பயம் பிடித்தது. ‘ரெண்டு தட்டுல முடியுற வேலைக்கா உனக்குச் சம்பளம்’ என்று மேனேஜர் கேட்டுவிட்டால்? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் தட்டுவாள், தட்டின கையோடு வாசல் பக்கம் திரும்பி மேனேஜர் வருகிறாரா என்று பார்ப்பாள். கறுப்பு ஜன்னல் வந்து போவதை ஒரு நாள்கூட அவள் பார்த்ததில்லை. பிறகு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ அமுக்குகிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். நடிப்பு அவளுக்கு வராது. ஆனால் அங்கே யார் கவனித்தார்கள்?

ஜூன், அதாவது வருஷத்தின் ஆறாம் மாதம், நாலாம் தேதி கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ரிப்பேர்க்காரர் வந்து, இருந்த ஃபைல்களைத் தொடாமல் மற்றதையெல்லாம் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். போகிற போக்கில் ஒன்றைச் செய்துவிட்டுப் போனார். தேதியில் நாள் முன்னால் வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது மாதம் முன்னால் வந்தது. அவருக்கே அது தெரியாது.

மறுநாள் ஐந்தாம் தேதி. வழக்கம்போலத் தட்டினாள், வாசலைப் பார்த்தாள். ஐந்து-ஆறு என்று உண்டாக வேண்டிய ஃபோல்டர் ஆறு-ஐந்து என்று உண்டாகப் பார்த்தது. அந்தப் பெயரில் போன மாதம் ஆறாம் தேதி உண்டான ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தது. ‘இருக்கு, இருக்கு, எல்லாம் முன்னாடியே இருக்கு’ என்று கறுப்பு ஜன்னல் வரி வரியாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கேட்க வேண்டியவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பழைய ஃபோல்டர் திறந்து நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் சரியாகத்தான் இருந்தன.

முதல் டோக்கன் ஒரு லாரி டிரைவர். இருமிக்கொண்டே வந்தார். கூடவே பெண்டாட்டி. சட்டையைக் கழற்றி, வெறும் நெஞ்சும் வெறும் கழுத்துமாக உள்ளே போய் வந்தார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து டாக்டர் பார்த்த படமும் ரிப்போர்ட்டும் வந்தன: நெஞ்சில் ஒன்றுமில்லை.

“பாத்தியா! ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன்ல. நாளைக்கே வண்டிய எடுக்கறேன்.”

“எடுப்பீங்க எடுப்பீங்க. வாரக்கணக்கா என்னத் தூங்க விடாம இருமினது யாராம், பக்கத்து வீட்டுக்காரனா?” என்றாள் பெண்டாட்டி. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

படத்தைக் கவரில் போடும் முன் விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்ப்பது இவள் பழக்கம். கதவை இழுத்துப் பார்க்கிற அதே புத்திதான். தூக்கினாள். விலா எலும்புகளுக்கு நடுவே, கழுத்திலிருந்து இறங்கி, ஒரு சங்கிலி. அதன் நுனியில் ஒரு சாவி.

அந்தச் சாவியை அவளுக்குத் தெரியும். போன மாதம் ஒரு பெரியம்மா, “பீரோ சாவிய மருமக கிட்டக் குடுத்துட்டுப் படம் எடுக்கணுமா? அப்படி ஒரு படமே வேணாம்” என்று கழற்ற மறுத்து, சாவியோடே நின்று எடுத்துக்கொண்டு போனாள். சென்டரே சிரித்தது.

கம்ப்யூட்டரில் ஒன்றாம் டோக்கனைத் திறந்தாள். உள்ளே இரண்டு படம். ஒன்றில் சாவி. இன்னொன்றில் வெறும் கழுத்து, வலது பக்கத்தில் பஞ்சை ஒட்டி வைத்த மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு. டாக்டர் முதலில் கண்ணில் பட்டதைத் திறந்து எழுதிவிட்டார்.

“குடும்மா, பஸ் போயிடும்” என்று டிரைவரின் பெண்டாட்டி கவரைப் பிடித்தாள். இவள் விடவில்லை. கவரின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை இவள் கையில்.

சொன்னால் ஃபைல் வெளியே வரும், வேலை போகும், புருஷன் மருந்து நிற்கும். சொல்லாவிட்டால் இந்த மனிதன் அந்தத் திட்டோடு நாளைக்கு லாரி ஏறுவான். அப்புறமாகப் போன் போட்டுக் கூப்பிடலாமா, டாக்டர் செய்த தப்பு என்று விட்டுவிடலாமா என்றுகூட அவள் யோசித்தாள். நல்லவள்தான், ஆனாலும் யோசித்தாள். அதற்குள் டிரைவர் மறுபடி இருமினார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

“இது உங்க படம் இல்ல” என்றாள். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

“என்னம்மா சொல்ற?”

“இது உங்க படம் இல்லங்க. உக்காருங்க. சார்! சார், டாக்டர எழுத வேணாம்னு சொல்லுங்க! இன்னைக்கு எல்லாமே பழசுக்குள்ள போய் விழுந்திருக்கு!”

மேனேஜர் ஓடி வந்தார். “பழசுக்குள்ளயா? நீதானே உண்டாக்குன?”

“நான் உண்டாக்கல சார். ஒரு ஃபைல் உண்டாக்குது. நான் தட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்.”

“எத்தன நாளா?”

“ரொம்ப நாளா.”

அவர் முகம் கறுத்தது. ஆனால் திட்ட நேரமில்லை, மாடிக்கு ஓடினார். அன்றைய ரிப்போர்ட்டெல்லாம் நின்றது. டிரைவருக்குப் புதிதாக எழுதி வந்தது: பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெண்டாட்டிதான் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றியா கோபமா என்று தெரியாத பிடி, நகம் பதிந்துவிட்டது.

“நீ இருக்கியா போறியான்னு அப்புறம் பாப்போம்” என்றார் மேனேஜர். “நாளைக்கு நான் பாக்க, அதத் தட்டு.”

அன்று சாயங்காலமே ஓரகத்தி வந்து ஃபைலில் தேதியைச் சரிசெய்தாள். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்தாள். “இனி நீ ஒரு பட்டனத் தட்டுற வரைக்கும் அந்த ஜன்னல் போகாதுக்கா. மூஞ்சியத் திருப்பினாலும் அங்கயேதான் நிக்கும், நம்ம மாமியார் மாதிரி.”

மறுநாள் காலை மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் தட்டினாள். கறுப்பு ஜன்னல் வந்தது, நின்றது. முதல் தடவையாக அதைப் பார்த்தாள். தேதியை விரல் வைத்துப் படித்தாள். மறுபடி படித்தாள்.

“சரியாத்தானே இருக்கு? தட்டு, பதட்டம்.”

“இருங்க சார். இன்னொரு தடவ பாத்துக்கறேன்.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவள் தோளுக்கு மேலே குனிந்து, தானும் படித்தார்.