கௌபாயின் இடது கன்னம்

வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாகத் தானே இறங்கி பனியனை நனைத்தது. இரண்டாம் முறையும் அப்படியே. பல் ஏதும் விழுந்துவிட்டதா என்று நாக்கால் துழாவினேன். பற்கள் எல்லாம் இருந்தன. கன்னம்தான் இல்லை.

கண்ணாடியில் வலது பாதி நானாக இருந்தேன். இடது பாதி, கொடியிலிருந்து நழுவப்போகிற ஈரச் சட்டை.

மனைவி பகவதி காப்பியோடு வந்து நின்றாள். "எதுக்கு காலையிலயே மூஞ்சியக் கோணலா வச்சிட்டு நிக்கியோ?"

"நேராத்தான் வச்சிருக்கேன்."

காப்பியைத் தரையில் வைத்துவிட்டாள்.

இப்படிக் கண்ணாடி முன் நிற்க நேர்ந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். அதனால் முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். முகம் கோணினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கையோ காலோ பேச்சோ சேர்ந்து தளர்ந்தால் காப்பிக்குக்கூட நிற்காதீர்கள்.

என் கவலை வேறாக இருந்தது. அப்போது முகமும் எனக்குப் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் உள்ளூர் மலையாளச் சேனல் ஒன்றில் வாராவாரம் வந்த கௌபாய் சீரியலின் கதாநாயகன் நான். சாலைக் கடைவீதியில் கயிற்றுக்கடை எனக்கு. அதற்கு முன் மூன்று சீரியல்களில் கதவைத் திறந்து விருந்தாளியை உள்ளே விட்டிருக்கிறேன். அவ்வளவுதான் என் கலைவாழ்வு. இந்தச் சீரியலுக்கும் சுருக்குக்கயிறு கொடுக்கத்தான் போனேன். எப்படி வீசுவது என்று காட்டச் சொன்னார்கள், காட்டினேன். குதிரைமேல் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். இறங்கும்போது தலையில் தொப்பி இருந்தது.

கழக்கூட்டம் தாண்டி ஒரு கைவிடப்பட்ட செம்மண் குவாரி. அதுதான் எங்கள் பாலைவனம். எங்கே கேமராவை வைத்தாலும் ஒரு தென்னை எட்டிப் பார்க்கும். என் மலையாளத்தில் சாலைக் கடைவீதித் தமிழ் மணக்கிறது என்று, சசி என்ற தபால் எழுத்தர் எனக்குக் குரல் கொடுத்தார். ஆக, திரையில் என்னுடையதென்று இருந்தது முகம் மட்டும்.

மருத்துவர் ஒரு பெண்மணி. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். வலது மூடியது. இடது கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. புருவத்தைத் தூக்கச் சொன்னார், சீட்டியடிக்கச் சொன்னார். வெறும் காற்று வந்தது.

"பக்கவாதம் இல்லை, பேடிக்கண்டா, பயப்படாதீங்க," என்றார். "முகவாதம்." (முகத்தை அசைக்கும் நரம்பு, காதுக்குப் பின்னாலிருக்கும் குறுகிய எலும்புக் குழாய்க்குள் வீங்கி நெரிபடுவது; அந்தப் பக்கம் முகம் செயலற்றுப்போகும்.) ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை) எழுதினார். கண்ணுக்குச் சொட்டு, தூங்கும்போது இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்திரி.

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"மிக்கவர்க்கும் சரியாகும். சிலருக்கு மூணு வாரம், சிலருக்கு ஆறேழு மாசம். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிக்கும்."

"வெள்ளிக்கிழமை ஷூட்டிங்."

அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்தார். "அய்யோ, நீங்க அந்தக் குதிரைக்காரன் அல்லே? என்டெ மோள் விடாமப் பார்க்கும்!"

இயக்குநர் பாபு கலங்கவில்லை. "அண்ணாச்சிக்கு வலது பக்கம் உண்டல்லோ? அது மதி, அது போதும்." அன்றிலிருந்து நான் திரையின் இடமிருந்து வலமாக மட்டுமே குதிரை ஓட்டினேன். அப்படிப் போனால்தான் வலது கன்னம் கேமராவுக்குத் தெரியும். வில்லனும் வலப்பக்கமாகவே தப்பியோடினான். ஒரு நேயர் கடிதம் போட்டிருந்தார்: இந்த ஆள் போகிறாரே தவிர ஒருநாளும் திரும்பி வருவதில்லையே, இவருக்கு வீடு கிடையாதா?

வீடு இருந்தது. அங்கே காலையும் மாலையும் கண்ணாடி முன் பயிற்சி. ஈ, ஊ, ஓ. கன்னத்தை உப்பு, விடு. பகவதியும் பக்கத்தில் நின்று கூடவே உப்புவாள். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துச் சிரிப்போம். நான் அரைச் சிரிப்பு, அவள் ஒன்றரை. இப்படி ஏழு வாரம். இடது கன்னம், குடியிருப்பவர் ஊருக்குப் போன வீடு மாதிரி கிடந்தது.

எட்டாம் வாரம் பாபு என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணாச்சி, அடுத்த எபிசோட்ல நெத்தியில ஒரு குண்டு. எனக்கு விஷமம் உண்டு, வருத்தம்தான், கேட்டோ." புதுக் கதாநாயகனுக்குத் தொப்பி அளவு எடுத்தாயிற்று என்று மேக்கப்காரர் முன்பே சொல்லியிருந்தார். தலையை ஆட்டினேன். வருத்தப்படுவதற்கும் பாதி முகம்தானே இருந்தது.

அன்று என்னைக் காப்பாற்றியது குதிரை.

சங்குமுகம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற குதிரை அது. இருநூறு அடி போனால் தானாகத் திரும்பிவிடும். ஒரு சவாரியின் நீளம் அவ்வளவுதான். படப்பிடிப்பில் அதன் சொந்தக்காரர் கேமராவுக்குத் தெரியாமல் கூடவே ஓடி, திரும்பவிடாமல் விரட்டுவார். அன்று அவர் டீ குடிக்கப் போனதை யாரும் கவனிக்கவில்லை. குதிரை இருநூறு அடி போயிற்று. நின்றது. சாவகாசமாகத் திரும்பியது. என் இடது முகம், மூடாத கண்ணும் அசையாத உதடுமாக, முழுதாகக் கேமராவுக்கு முன்னால்.

எதிரே நின்ற வில்லன் வசனத்தை மறந்தான். பாபு 'கட்' சொல்லவில்லை.

பிறகு மானிட்டரில் போட்டுப் பார்த்தோம். "இத்தனை நாள் அண்ணாச்சி புருவத்தால அபிநயிச்சு, மூக்கால அபிநயிச்சு," என்றார் பாபு. "இந்தப் பக்கம் ஒண்ணும் செய்யலை. கண்டா பேடி தோணுது, பயமா இருக்கு." குண்டு ரத்தாயிற்று. அதற்கப்புறம் நான் வலமிருந்து இடமாக வந்தேன். சசிக்கு ஒரே கொண்டாட்டம். "அசையாத உதட்டுக்கு டப்பிங் செய்யறது பரம சுகம் அண்ணாச்சி, எங்க வேணும்னாலும் பேசலாம்."

மருத்துவர்தான் கடிந்தார். கருவிழியில் செம்மண் கீறியிருந்தது. "இப்படிப் போனா பின்னே குதிரைக்கு மட்டும்தான் கண்ணு தெரியும்." அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் பின்னும் சொட்டு மருந்து. இமை மூடாதவர்கள் இதை மறக்கவே கூடாது.

பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு காலை. 'ஈ' சொல்லிக்கொண்டிருந்தேன். பகவதி என் கையைப் பிடித்தாள். "அசஞ்சுது." உதட்டோரத்தில், குளத்தில் தவளை மூக்கை நீட்டியதுபோல ஒரு சிறு துடிப்பு.

பாபுவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு தாடையைத் தடவினார். "நாலு எபிசோட் கூடி பொறுக்கான் பற்றுமோ? அதுவரை அசையாம?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் என்னைக் கண்டு வழிவிடத் தொடங்கியிருந்தார்கள். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக நல்ல நடிகன். அன்று மாலை கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

பகவதி கண்ணாடியைக் கழற்றி எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "ஊருக்கு அந்த மூஞ்சி பிடிச்சிருக்கும். நான் கல்யாணம் பண்ணினது ரெண்டு பக்கமும் சேந்த ஆளை. ஊதுங்கோ."

ஊதினேன்.

கடைசி எபிசோடில் வில்லன் என் காலடியில் விழ, நான் கல்லாக நிற்க வேண்டும். அவன் விழுந்த இடத்தில் ஆட்டுப் புழுக்கை. இடது கன்னம் முந்திக்கொண்டு சிரித்துவிட்டது. மூன்று டேக்கிலும் சிரித்தது. பாபு தொப்பியை வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு எனக்குக் கௌபாய் வேடம் வரவில்லை. கயிற்றுக்கடை திறந்தது திறந்தபடி இருந்தது.

முகம் கோணுவதற்கு முன்னால் நான் எதிலும் அவசரக்காரன். கயிற்றை அளக்கும்போதே அடுத்த ஆளிடம் பேச்சுக் கொடுப்பேன். நரம்பு அவசரப்படாது. ஒரு நாளைக்கு ஓர் எள்ளின் நீளம்கூட வளராது, ஆனால் தூங்கும்போதும் வளரும். என் நாட்களை அந்த வேகத்துக்கு விட்டுவிடக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று.

மருத்துவர் சொன்ன மிச்சம் எனக்கு நின்றது. திரும்பி வளர்ந்த நரம்பிழைகள் சில, எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டியவை, வழி மாறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டன. சாப்பிட்டால் இடது கண்ணில் நீர் வரும். சோறு நன்றாக இருந்தால் அதிகம் வரும். சிகிச்சை உண்டு என்றார். இருக்கட்டும் என்றேன்.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். இலையில் அடைப்பிரதமன் பாயசம் விழுந்து, முதல் வாய் எடுத்ததும் இடது கன்னத்தில் தாரை. பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார். "என்ன அண்ணாச்சி, அம்மா ஞாபகமா?"

வாய் நிறைய இருந்தது. அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். பகவதி இலைக்குள் குனிந்து குலுங்கிச் சிரித்தாள். நான் மெதுவாக, வெகு மெதுவாகச் சாப்பிட்டேன்.