ரொட்டிப் பெட்டியில் போன செவ்வாய்க் கிரகம்

மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டம் என்றதுமே எனக்கு ரொட்டிக்காரரின் சைக்கிள் பின்னால் கட்டியிருக்கும் தகரப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. ரொட்டிகளுக்கு அடியில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை இருக்கும். அட்டையில் ராக்கெட், பச்சை நிறத்தில் செவ்வாய்க் கிரகத்து மனிதர்கள். அதற்காகவே என் அக்காவின் கணவர் வாசலில் காத்து நிற்பார். அத்தான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. மலாக்கா டவுனில் பழைய பத்திரிகைகளை வாங்கிப் படித்துவிட்டு ரொட்டிக்காரரிடம் கொடுத்தனுப்புவார். வேறு இரண்டு தோட்டங்களில் இருந்த ஒரு வாத்தியாரும் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரும் படித்துத் திருப்பி அனுப்புவார்கள். மூவரும் சந்தித்ததே இல்லை. பேச்செல்லாம் பக்க ஓரத்தில், பென்சிலில். காற்றே இல்லாத இடத்தில் நெருப்பு எப்படி எரியும் என்று டிரசர் ஒருமுறை கேட்டிருந்தார். அதற்குப் பதில் யோசித்து அத்தானுக்குச் சோறே இறங்கவில்லை.

அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதென்று பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். ரொட்டிக்கு அடியில் பென்சில் எழுத்தோடு காகிதம் கைமாறினால் விடுவார்களா? ஒருநாள் காலை கேட்டிலேயே பெட்டியைக் கவிழ்த்தார்கள். மத்தியானம் அத்தானை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வீட்டையும் சோதனை போடுவார்கள் என்று யாரோ சொன்னதும், கட்டிலுக்கு அடியில் இருந்த பத்திரிகைகளை எல்லாம் இழுத்துப்போட்டுக் கிழித்து அடுப்பில் திணித்தாள். வழவழப்பான அட்டைகள் லேசில் பற்றவில்லை. ஊதி ஊதி எரித்தாள். அத்தானைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தாள்.

மறுநாள் ஸ்டேஷனில் தமிழ் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "இது வெறும் கதைன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. மிச்ச புக்கெல்லாம் கொண்டாங்கம்மா. எல்லாத்துலயும் இதே மாதிரிதான் எழுதியிருக்குன்னா, நான் மேல பேசுறேன்."

"எரிச்சிட்டேன் ஐயா," என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் ஏன் எரிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அத்தானைத் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். மகன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. டிரசருக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்பதும் அடுப்போடு போயிற்று. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அந்த மகனின் மகளுக்கு இப்போது இதே பைத்தியம். முகத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு, தன்னைப் போன்றவர்கள் கூடும் விழாவுக்குப் பட்டப்பகலில் பஸ்ஸில் போகிறாள். ஒரு கதையின் முடிவுக்காக, பார்த்தே இராதவர்களோடு ஃபோனில் ஊரே கேட்கச் சண்டை போடுகிறாள். எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. போன வாரம் விழா முடிந்து வந்தவள், கிளேபாங் சாலையோரக் கடையில் எங்களோடு உட்கார்ந்து, ராக்கெட் படம் போட்ட புத்தகத்தை விரித்து ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு போலீஸ் கார் மெதுவாகக் கடந்தது. அக்கா சட்டென்று புத்தகத்தைப் பிடுங்கி, வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த ரொட்டிப் பைக்கு அடியில் தள்ளினாள்.

"புக்குதானே லா பாட்டி," என்று சிரித்தாள் பேத்தி.

கார் போய் வெகுநேரம் ஆகியும் அக்கா பையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"இத எரிக்க மாட்டேன்மா," என்றாள்.