ஏப்பத்துக்குக் காத்திருந்தவர்

ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸில் ஏறிய இஞ்சி மரப்பா வியாபாரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வயிறு வயிறாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கல்யாண விருந்தை மூச்சு முட்டத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்த என் முன்னால் நின்றுவிட்டார்.

“அண்ணனப் பாருங்க, எம்புட்டு உப்பிப்போய் இருக்காரு! இந்தத் துண்டத் தின்னதும் ஏப்பம் வரும். வந்தா வாங்குங்க.”

பஸ்ஸே என் வாயைப் பார்த்தது. தின்றேன். இஞ்சிக் காரம் காதுவரை ஏறியது. ஏப்பம் வரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு விடுங்கண்ணே, பொழப்புண்ணே,” என்று காதருகே கெஞ்சினார்.

முக்கிப் பார்த்தேன். விக்கல்தான் வந்தது. பஸ் கிளம்பவும், ஒன்றுகூட விற்காமல் இறங்கிப் போனார்.

நாகமலை தாண்டும்போது வந்தது ஏப்பம். டிரைவரே திரும்பிப் பார்த்தார். அடுத்ததை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆரப்பாளையம் இருந்த திசையில் விட்டேன்.