துரைசாணியின் பியானோவுக்கு நான் மூட்டிய கணப்பு

தேயிலைத் தூளைச் சலிப்பதுபோல என் முட்டாள்தனங்களையும் சலித்தால், துரைசாணியின் பியானோவுக்கு நான் செய்த உபகாரம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். அத்தனை பெரிது.

கம்பம்மெட்டு வழியாக மலையேறி வந்த நான், ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்கு மேற்பார்வை ஆள். துரை ருசி பார்ப்பதற்காகத் தினமும் காலையில் புதுத்தூளை பங்களாவுக்குக் கொண்டுபோவேன். அங்கே பியானோவுக்கு மேலே, தோள்வரை முடி வளர்த்த ஒரு மெலிந்த மனிதரின் படம் மாட்டியிருக்கும். துரைசாணியின் சித்தப்பா என்று நினைத்து நானும் ஒரு கும்பிடு போடுவேன்.

திருநெல்வேலிக்காரரான பட்லர் ஒருநாள் சிரித்துவிட்டார். “சித்தப்பாவாவது! நூறு வருசத்துக்கு முந்தி சீமையில பியானோ வாசிச்ச பெரிய வித்துவான் வே. அவரு வாசிச்சா பொம்பளைக அழுது மயங்கி விழுவாகளாம். அவரு அடிக்கிற அடியில பியானோவுக்குள்ள அறுந்த கம்பியைப் பொறுக்கிக் காப்பு பண்ணிப் போட்டுக்கிடுவாகளாம்.”

“கம்பிய அறுத்தவரை யாரும் ஏசலையா?”

“அறுத்ததுனாலதான் வித்துவான்ங்காக!”

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊர்க் கச்சேரியில் தம்பூராக் கம்பி அறுந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள்.

துரைசாணியும் ஒரு காலத்தில் மேடையேறி வாசிக்க ஆசைப்பட்டவர்தானாம். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தபின் கேட்க ஆளில்லை. அந்த வருஷம் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சனிக்கிழமை விருந்துக்கு வரும் பக்கத்து எஸ்டேட்காரர்கள் முன்னால் வாசிக்க, அந்த வித்துவானின் பெரிய உருப்படி ஒன்றை மாதக்கணக்காகச் சாதகம் செய்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் ஊறிப்போய், பியானோவில் அழுத்திய கட்டை எழும்பவில்லை. சுருதி பார்க்கிறவர் கொச்சியிலிருந்து வரவேண்டும். கொச்சிக்குப் போகும் மலைப்பாதையோ சரிந்து கிடந்தது.

வியாழக்கிழமை துரையும் துரைசாணியும் வெளியே புறப்பட்டபோது, ஈரம் காய பியானோவுக்கு அடியில் இரண்டு நாள் ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்று பட்லரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“விளக்கா? அதுல ஒரு பிடி கொழுந்தாவது வாடுமா? என்கிட்ட விடுங்க அண்ணாச்சி.”

“துரைசாணி விளக்குன்னுதான் சொன்னாக வே.”

“அவங்களுக்குப் பியானோ தெரியும். எனக்கு ஈரம் தெரியும்.”

ஜன்னல்களை அடைத்தேன். பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி, நாலு கரிச்சட்டிகளை வைத்து விசிறினேன். உள்ளே இருந்த கம்பளித் துண்டுகளைக் கொழுந்தைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பிடித்துப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் உள்ளேயிருந்து ‘படார்’ என்று ஒரு சத்தம். காய்ந்த இலை நொறுங்கும் சத்தம்தானே எங்களுக்குப் பக்குவம்! மனசு நிறைந்துபோய் இன்னும் கொஞ்சம் விசிறினேன். கட்டைகளெல்லாம் துள்ளி எழுந்தன.

சனிக்கிழமை மாலை திரும்பி வந்த துரைசாணி உட்கார்ந்து வாசித்தார். என் காதுக்கு முன்பு கேட்ட அதே இரைச்சல்தான். பாதியில் நிறுத்தி, கட்டைகள் மேல் தலையைச் சாய்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார்! பட்லர் சொன்ன சீமைப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். சங்கீதம் பலித்துவிட்டது என்று, “பலே!” போட்டுக் கைதட்டினேன்.

பட்லர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். “வாய மூடும்வே! உள்பலகை சூட்டுல வெடிச்சுப் போச்சாம். ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு திசையைப் பாக்குதாம்.”

எந்தத் திசையை? எனக்கு விளங்கவே இல்லை.

ஆனாலும் அன்று விருந்தில் துரைசாணி அந்த உருப்படியையே கடைசிவரை வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்று கேட்டேன். வந்திருந்த துரைமார் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் மேஜையைக்கூடத் தட்டினார். அப்படியானால் பியானோ கெட்டதா, இல்லையா? கெட்டது என்றால் இந்தக் கைதட்டல் எதற்கு? கெடவில்லை என்றால் அந்த அழுகை எதற்கு?

மறுநாள் தூளோடு போனேன். வராந்தாவில் துரைசாணி தனியாக நின்றிருந்தார். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகியதால் தமிழ் நன்றாகவே வரும். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். சும்மா இருக்கமாட்டேனே!

“ஆனா அம்மா, வந்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்களே, நல்லாத்தானே இருந்துச்சு?”

துரைசாணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவங்களுக்கும் உன் காதுதான்.”