மேலே நின்றவன்

முதல் பாகம் எங்கள் தெருவுக்கே பிடித்த படம். கிணற்றில் விழுந்து செத்த கல்யாணப் பெண் ஒருத்தி பேயாக வந்து, ஒரு பாவப்பட்ட சமையல்காரனைப் படம் முழுக்க ஓட ஓட விரட்டுவாள். டிவியில் எப்போது போட்டாலும் எல்லா வீட்டிலும் அதே சத்தம்தான் கேட்கும். பார்த்துப் பார்த்து அந்தப் பேய் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆயுத பூஜை லீவுக்கு இரண்டாம் பாகம் ஆம்பூர் தியேட்டருக்கு வந்தபோது, ஏதோ நம் வீட்டு விசேஷம் என்பதுபோல எல்லோரும் கிளம்பினார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

எங்கள் ஊர் மாதனூருக்குப் பக்கம். அம்மாவும் அத்தையும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வந்து இறங்குவார்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. அத்தையின் வீட்டுக்காரரான என் மாமாவும் அங்கேதான் இருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அந்தக் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியில் இறந்துபோனார். அடைப்பை எடுக்க முதலில் ஒருவர் இறங்கியிருக்கிறார். உள்ளே இருந்த விஷவாயு தாக்கி விழுந்துவிட்டார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அந்த இரண்டு பேரையும் தூக்க மாமா இறங்கினார். அப்பா மேலே நின்றிருந்தார். அவர் கயிறு எடுக்க ஓடி, கயிற்றோடு திரும்பி வந்தபோது உள்ளே யாருக்கும் உயிர் இல்லை.

எங்கள் பக்கத்தில் தொட்டிச் சாவு ஒற்றையாக வருவதில்லை. காலையில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தவன் கண்ணெதிரே விழுந்தால், அடுத்தவன் யோசிப்பதில்லை, இறங்கிவிடுவான். இறங்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் இறங்குவார்கள்.

அன்றிலிருந்து அத்தை தன் அண்ணனான என் அப்பாவோடு பேசவில்லை. ஒரே தெரு, நாலு வீடு தள்ளி இருந்தாள். அம்மாவோடு பேசுவாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள், குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் என் கையில் கொடுத்தனுப்புவாள். அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் “உங்கப்பாவாண்ட சொல்லு” என்று ஆரம்பிப்பாள். மாமா செத்தது எனக்குத் தெரியும். அத்தை பேசாததும் தெரியும். ஒன்றினால்தான் இன்னொன்று என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏதோ சீர்வரிசைத் தகராறு என்று நானாகவே தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் பாய் போட்டுத் தூங்குவார். தூக்கத்தில் பேசுவார். எப்போதும் ஒரே பேச்சுதான்: “வர்றேன் மாப்ள, இதோ வர்றேன்.” கம்பெனியில் பாதிப் பேர் அப்பாவுக்கு மாப்ளதான். யாரோ கனவில் பிரியாணி விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள், இவரும் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அம்மா சிரிக்கமாட்டாள். துவைக்கிற துணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள்.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் கம்பெனி பஸ் பெண்கள் ஒரு கும்பலாகத் தியேட்டருக்குப் போனார்கள். அம்மா, அத்தை, அவர்களோடு ஒரே லைனில் தைக்கிற, எல்லோரும் பாஜி என்று கூப்பிடுகிற முஸ்லிம் அக்கா, இன்னும் சிலர். எனக்கு அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் இடம். அப்பா வரவில்லை.

இரண்டாம் பாகத்தில் பேய் வீடு மாறியிருந்தது. கிணறு தூர்ந்துவிட்டதாம், அதனால் ஒரு தோல் கம்பெனியின் தொட்டிக்குக் குடிவந்துவிட்டதாம். இது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. போஸ்டரில் பேயின் தலைமுடி மட்டும்தான் இருந்தது. படம் எடுத்தவர் தோல் கம்பெனியை வாசலில் நின்றுகூடப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். வேலையாட்கள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். தொட்டிக்குள் நீல வெளிச்சம். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

“இன்னாடி இது, நம்ம கேன்டீன விட சுத்தமா கீது” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. தொட்டிக்குள் இறங்கியவன் காலைப் பேய் பிடித்து இழுக்கிறது. அவனைக் காப்பாற்ற ஒருவன் இறங்குகிறான். அவனைக் காப்பாற்ற இன்னொருவன். மூன்று பேரும் அலறுகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மேலே நான்காவதாக ஒருவன் நிற்கிறான். உள்ளே எட்டிப் பார்க்கிறான், இறங்காமல் கயிறு எடுக்க ஓடுகிறான். கயிற்றோடு திரும்பும்போது பேய் தொட்டியிலிருந்து எழுந்து வந்து, அதே கயிற்றால் அவன் கழுத்தை இறுக்குகிறது.

முன்வரிசைகளில் விசில் பறந்தது. பையன்கள் சீட்டின் மேல் ஏறி நின்று கைதட்டினார்கள். கூட்டாளியை விட்டுவிட்டு ஓடியவனுக்குச் சரியான தண்டனை என்று அவர்களுக்குச் சந்தோஷம். எங்கள் வரிசையிலும் பின்னாலும் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு விசிலடிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். திரும்பிப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்திருந்தாள். அத்தை கண்ணை இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சு முதல் நாளோடு முடிந்தது. காமெடி கம்மி என்றார்கள், பேய்க்கு வேலையே இல்லை என்றார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் எல்லோரும் அந்த நான்காவது ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் நான் பஸ் நிற்கும் இடத்தில் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். பெண்கள் சண்டை போட்டுக்கொண்டேதான் இறங்குவார்கள். அவன் செத்தது சரி என்று ஒரு கட்சி, தப்பு என்று ஒரு கட்சி.

“கூட இருந்தவன் உள்ள கத்தறான், இவன் ஓடறான். அவன்லாம் ஒரு ஆம்பளையா?” என்று ஒருத்தி கேட்பாள்.

“அவனும் எறங்கியிருந்தா இன்னா ஆயிருக்கும்? நாலு பொணம்” என்பாள் பாஜி. “கயிறு எடுக்கத்தானே போனான், அது ஒரு குத்தமா?”

அத்தை வேறு வாசலில் இறங்கி வருவாள். அவளைப் பார்த்ததும் பேச்சு மழை, தண்ணி, ஓவர்டைம் என்று மாறிவிடும். யாராவது துணிந்து அவளையே கேட்டால், “எனுக்கு பேய்ன்னா பயம், கண்ண மூடிக்கினேன்” என்பாள். அது பொய் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். பெரியவர்கள் ஒரு பேய்க்கு இவ்வளவு பயப்படுகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

கேட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. சாப்பிடும்போது அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு யார் எந்தக் கட்சி, யார் கட்சி மாறினாள் என்று குரல் மாற்றிப் பேசிக் காட்டுவேன். டீக்கடையில் ஆண்கள் பேசியதும் என்னிடம் இருக்கும். அம்மா “வாய மூடினு சாப்டு” என்று அதட்டுவாள். அப்பா அதட்டமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். படம் பார்க்காதவருக்குக் கதை புரியவில்லையோ என்று நினைத்து நான் இன்னும் விவரமாகச் சொல்வேன்.

ஒருநாள் அவர் பிசைவதை நிறுத்தினார்.

“உங்க அத்தை எந்தக் கட்சி?”

“அத்தை ஒண்ணுமே சொல்லலப்பா.”

அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. தட்டிலேயே கை கழுவினார். அப்பா என்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் நான் நேராக அத்தை வீட்டுக்கு ஓடி, அதையும் சொல்லிவிட்டேன். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பல்வரை உரித்தாள். முடித்துவிட்டு, “ஞாயித்துக்கெழம அந்தப் படத்துக்கு என்கூட வரச்சொல்லு உங்கப்பாவ” என்றாள்.

மூன்று பேரும் போனோம். படத்தைத் தூக்கப்போகிற கடைசி வாரம் என்பதால் தியேட்டரில் ஆளே இல்லை. நான் இந்த முறையும் நடுவில். அப்பா சர்ச்சுக்குப் போட்ட சட்டையோடு, கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டிக் காட்சி ஆரம்பித்ததும் எழுந்துவிட்டார். அத்தை என் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உக்காருண்ணா.”

அவள் ‘அண்ணா’ என்று சொல்லி நான் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா உட்கார்ந்தார். திரையில் ஒருவன் இறங்கினான்.

“இப்டித்தான் எறங்கினாரா?”

“ஆமா.”

“ஏணி இருந்துச்சா?”

“இருந்துச்சி. பாதிதான்.”

திரையில் மூன்று பேரும் அலற ஆரம்பித்தார்கள். அத்தை அவர் கையை விடவில்லை.

“இந்த மாதிரி கூப்ட்டாரா உன்ன?”

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார். “இல்லம்மா. இதெல்லாம் சினிமா. அங்க சத்தமே வரல. எறங்கினாங்க, அப்டியே சாஞ்சிட்டாங்க. யாரும் யாரையும் கூப்டல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

எனக்குக் கோபமாக வந்தது. படம் ஓடும்போது இப்படிப் பேசினால் எப்படிப் பார்ப்பது? பேய் கயிற்றை எடுக்கிற இடம் பாதி போய்விட்டது. அத்தை கையை எடுத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். படம் முடிகிறவரை இரண்டு பேரும் அழுதார்கள். இரண்டாவது முறை பார்ப்பதற்கு அப்படி என்ன அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து வந்த கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் அத்தை காலையிலேயே போய் மாமா கல்லறையில் பூ வைத்துவிட்டு வருவாள், அவள் திரும்பிய பிறகு அப்பா தனியாகப் போய்ச் சுண்ணாம்பு அடிப்பார். இந்த வருஷம் அப்பா சுண்ணாம்பு அடிக்க, அத்தை வாளியைப் பிடித்துக்கொண்டாள். ஃபிளாஸ்கில் இருந்த காப்பியை ஊற்றி, “குடிண்ணா” என்று அவளே நீட்டினாள். அம்மா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கே சாப்பிட வந்தாள்.

சாப்பிட்ட களைப்பில் அப்பா ஃபேனுக்கு அடியில் படுத்தார். அம்மா பாத்திரம் தேய்க்கப் பின்னால் போயிருந்தாள். அத்தை என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இனி நிம்மதியாகத் தூங்குவார் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குரல் வந்தது.

“வர்றேன் மாப்ள. இதோ வர்றேன் மாப்ள.”

என் தலையில் சீப்பு நின்றுவிட்டது. நான் சிரித்தேன்.

“இது புதுசில்ல அத்தை. ஞாயித்துக்கெழமையானா அப்பா இதத்தான் சொல்வாரு.”

“எப்பத்துலேர்ந்து?”

“ரொம்ப நாளா.”

அத்தை எழுந்து அப்பா பக்கத்தில் போய் நின்றாள். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எழுப்பிக் கேட்கப்போகிறாள், என்ன விருந்து என்று நமக்கும் தெரிந்துவிடும் என்று நான் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுப்பவில்லை. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். என் தலையை முதலிலிருந்து வாரினாள்.

“அவரு தூக்கத்துல பேசறத என்னாண்ட சொன்னன்னு உங்கப்பாவுக்கு சொல்லாத” என்றாள். “யாராண்டயும் சொல்லாத.”

அதற்குப் பிறகு சாகும்வரை அவள் அப்பாவோடு பேசாத நாளில்லை. ஊர்ச் செய்தியெல்லாம் சுமந்து திரிந்த நான் இதை மட்டும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்பா கனவில் எங்கேயோ விருந்துக்குப் போகிறார், அவ்வளவுதானே. யாராவது கூப்பிட்டிருந்தால்தான் வர்றேன் என்று ஒருவர் பதில் சொல்வார் என்பது, பின்னலை இறுக்கிக்கொண்டிருந்த அத்தைக்கு அன்றே தெரிந்துவிட்டிருந்தது.